பிரசன்டேஷனில் "பாத்தீங்கன்னா" தொல்லை, ஆடும் கால், திரையைப் பார்த்தே பேசுவது: எதை முதலில் திருத்துவது?

நாலாம்வரிசை:

வணக்கம். மூன்று வாரத்தில் 20 நிமிடப் பிரசன்டேஷன் ஒன்று இருக்கிறது. தமிழில்தான் பேச வேண்டும், தொழில்நுட்பச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அறையில் 40 பேர் இருப்பார்கள். அதையே இன்னொரு நாள் வீடியோ அழைப்பிலும் பேச வேண்டும்.

ஒத்திகையைப் போனில் பதிவு செய்து பார்த்ததில் தெரிந்த குறைகள் இவை. 6 நிமிடத்தில் "பாத்தீங்கன்னா" 31 முறை வருகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல் பாதிக்குப் பாதி காதில் விழவில்லை. ஸ்லைடு மாறும்போதெல்லாம் திரைப் பக்கம் திரும்பி, திரும்பியபடியே பேச்சு தொடர்கிறது. உடம்பு இடதும் வலதுமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. கை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறது. கடைசி 5 நிமிடம் ஒரே ஓட்டம்.

"தன்னம்பிக்கையோடு பேசுங்கள், புன்னகை செய்யுங்கள்" என்ற அளவில் நிறையப் படித்தாயிற்று. எதை முதலில் எடுப்பது, என்ன பயிற்சி, எத்தனை நிமிடம் என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தால் உதவுங்கள். "சொல்லுக்கு 7 சதவீதம்தான், மீதி 93 குரலும் உடல்மொழியும்" என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்களே, அது நிஜமா?

---

நூல்கண்டு:

ஆறு குறை எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று உண்மையில் ஒன்றுதான். "பாத்தீங்கன்னா", விழுங்கப்படும் வாக்கிய முடிவு, கடைசி நேர ஓட்டம் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுகிறீர்கள். அதை முதலில் எடுங்கள். கை காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் இது சுலபமாக நடந்துவிடும். முற்றுப்புள்ளியே வைக்காமல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்:

"டேட்டாவ எடுத்து, அத கிளீன் பண்ணிட்டு, ஷீட்ல போட்டு, இப்ப பாத்தீங்கன்னா, அதுல வந்து, போன மாசத்தோட கம்பேர் பண்ணும்போது…"

எடுத்து, பண்ணிட்டு, போட்டு, பண்ணும்போது எல்லாமே எச்சம். எச்சம் முடியாமல் நிற்கும்வரை கேட்பவர் காத்திருக்கிறார், நீங்களும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு எச்சத்தின் மூட்டிலும் மூளை அடுத்த துண்டைத் தேடுகிறது. தேடும் அந்த அரை விநாடியை வாய் "வந்து", "பாத்தீங்கன்னா" என்று நிரப்பிக்கொள்கிறது. அதனால் "இனி பாத்தீங்கன்னா சொல்லவே மாட்டேன்" என்று சபதம் எடுத்துப் பயனில்லை. அந்தச் சொல்லைக் காவல் காக்கப் போய் பேச வந்த விஷயம் கைநழுவும். வாக்கியத்தைக் குட்டையாக்கினால் அந்தச் சொல்லுக்கு இடமே இருக்காது:

"டேட்டாவைச் சுத்தம் செய்தோம். ஷீட்டில் போட்டோம். போன மாதத்தைவிடப் பிழை 12 சதவீதம் குறைந்திருக்கிறது."

மூன்று வினைமுற்று, மூன்று மூச்சு. ஒரு வாக்கியத்தில் இரண்டு எச்சம் வரை பரவாயில்லை, மூன்றாவது வந்தால் அங்கே வெட்டிவிடுங்கள்.

பயிற்சியை இப்படித் தொடங்கலாம். பேச்சில் 5 நிமிடத்தைப் பதிவு செய்து, நடுவிலிருந்து ஒரே ஒரு நிமிடத்தைக் கையால் எழுதுங்கள். இழுவை, திக்கல், "ம்ம்" எதையும் விட வேண்டாம். போன் செயலியை வைத்து எழுத்தாக்கினால் பல செயலிகள் இந்தச் சொற்களைத் தாமாகவே நீக்கிவிட்டு அழகான உரையைக் கொடுக்கும், அது இதற்கு உதவாது. எழுதிய தாளில் ஒவ்வொரு இழுவைச் சொல்லையும் வட்டமிட்டு, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது. ஸ்லைடு மாறும் இடம், எண் சொல்லும் இடம், ஆங்கிலச் சொல்லோடு "பண்ணி" ஒட்டும் இடம் என்று மூன்று நான்கு இடத்தில் கொத்தாகக் கிடக்கும். உங்கள் 31-ல் பெரும்பங்கு ஸ்லைடு மாறும் இடத்தில்தான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியிருந்தால் மருந்து எளிது. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 12 ஸ்லைடு என்றால் 12 வாக்கியம். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் அத்தனையும் சரியும்.

அடுத்தது இடைவெளி. வினைமுற்றைச் சொல்லி முடித்ததும் உதட்டை மூடுங்கள், மூக்கால் மூச்சிழுங்கள், பிறகு அடுத்த வாக்கியம். வாய் மூடியிருந்தால் "வந்து" வெளியே வர வழியில்லை. பேசுபவருக்கு இரண்டு விநாடி அமைதி ஒரு யுகம் போலத் தோன்றும். பதிவில் கேட்டுப் பாருங்கள், இயல்பாகவே இருக்கும். தினமும் 10 நிமிடமாக இரண்டு வேளை, ஐந்து நாள் செய்தால் மாற்றம் தெரியும். இதில் ஒரு பொறி உண்டு. "பாத்தீங்கன்னா" போன இடத்தில் "அதாவது" வரும், அதையும் விரட்டினால் "ஓகே" வரும், கடைசியில் நாக்கைச் சப்புக்கொட்டும் ஒலி வரும். ஆள் மாறி மாறி வந்தால் இடைவெளி இன்னும் பழகவில்லை என்று பொருள்.

வாக்கிய முடிவு விழுங்கப்படுவது தமிழில் பேசுபவருக்குச் சின்னக் குறை அல்ல. எதிர்மறை, காலம், யார் செய்தார் என்பது எல்லாமே நமக்குக் கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. "இந்த முறையில் பிழை குறைய…" என்பதுவரை கேட்டவருக்கு அது குறைந்ததா, குறையவில்லையா, குறையுமா எதுவும் தெரியாது. நீங்கள் "குறையல" என்று சொல்லி அந்த "ல" காற்றோடு போனால் பின்வரிசைக்குப் போய்ச் சேருவது "குறைய" மட்டும்தான். மூச்சு தீர்வதும், மனம் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவதும்தான் காரணம். இதற்குப் பின்னாலிருந்து கட்டும் பயிற்சி நன்றாக வேலை செய்யும்:

"குறையவில்லை."
"பிழை குறையவில்லை."
"இந்த முறையில் பிழை குறையவில்லை."

முதல் வரியில் அந்தச் சொல் எவ்வளவு சத்தமாக வந்ததோ, மூன்றாவது வரியிலும் அதே அளவு வர வேண்டும். உங்கள் பேச்சிலிருந்தே பத்து வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்மறையில் முடிபவை, எண்ணைச் சொல்பவை கட்டாயம் இருக்கட்டும். மேடையில் "குறையல" என்பதைவிடக் "குறையவில்லை" என்று முழுசாகச் சொல்வது பாதுகாப்பு. மற்றதெல்லாம் பேச்சு வழக்கில் இருந்தாலும் பரவாயில்லை.

---

ஒலிவாங்கி:

நூல்கண்டு வாயைப் பாத்துக்கிட்டாரு, நான் கை, கால், கண், மைக் பக்கம் வர்றேன்.

முதல்ல திரைக்குத் திரும்புற பழக்கம். நீங்க திரும்புறது தப்பில்லைங்க, திரும்பிக்கிட்டே பேசுறதுதான் தப்பு. முறை இதுதான்: பட்டனை அமுக்குங்க. வாயைத் திறக்காம ஒரு விநாடி ரெண்டு விநாடி ஸ்லைடைப் பாருங்க. அந்த நேரம் கேட்கிறவங்களும் அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க, அதனால அமைதி உறுத்தாது. அப்புறம் திரும்பி ஒரு முகத்தைப் பிடிங்க. பிடிச்ச பிறகுதான் முதல் வாக்கியம். அவர் சொன்ன மனப்பாட வாக்கியம் இங்க சரியா வந்து உட்காரும். லேப்டாப்பை உங்களுக்கு எதிர்ல, தாழ்வா வைக்க முடிஞ்சா இன்னும் நல்லது. கண்ணை இறக்கினாலே ஸ்லைடு தெரியும், கழுத்தைத் திருப்பவே வேண்டாம். திரையில ஒண்ணைக் காட்டணும்னா திரைக்குக் கிட்ட இருக்கிற கையால காட்டுங்க. தூரக் கையை நீட்டினா நெஞ்சு திரும்பி, முதுகு சபைக்கு வந்துடும்.

பவர்பாயின்ட் ஓடும்போது பி எழுத்தை அமுக்கினா திரை கறுப்பாகும், மறுபடி அமுக்கினா திரும்ப வரும். முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லப்போறீங்கன்னா திரையை அணைச்சுட்டுச் சொல்லுங்க. பாக்கிறதுக்கு வேற ஒண்ணுமில்லாததால எல்லாக் கண்ணும் உங்க மேல வரும். நிறையப் பேர் இதைப் பயன்படுத்துறதே இல்லை.

லேசர் பாயின்டர் எனக்குப் பிடிக்காது. கையில இருக்கிற துளி நடுக்கம் திரையில போய்ப் பூதாகாரமாத் தெரியும். அம்புக்குறியை ஸ்லைடுலயே போட்டுடுங்க. லேசர்தான் வேணும்னா முழங்கையை விலாவோட ஒட்டி வச்சு, ரெண்டு விநாடி காட்டி, அணைச்சுடுங்க. வட்டம் போடாதீங்க, பாக்கிறவங்களுக்குத் தலை சுத்தும்.

கால் ஆட்டத்துக்கு: பாதம் ரெண்டும் இடுப்பு அகலத்துக்கு, எடை ரெண்டு காலிலயும் சமமா. முழங்கால் மூட்டைப் பின்னால தள்ளிப் பூட்டாதீங்க. பூட்டினா கொஞ்ச நேரத்துல வலி எடுத்து, தானா எடை மாத்த ஆரம்பிச்சுடுவீங்க. ஒத்திகை பண்ணும்போது பழைய செய்தித்தாளைத் தரையில விரிச்சு அது மேல நின்னு பேசுங்க. ஆடினா காகிதம் சரசரக்கும், கண்ணாடியே வேண்டாம். ஆனா 20 நிமிஷமும் கம்பம் மாதிரி நிக்கச் சொல்லலை. உடம்புக்கு நகரணும்னு இருக்கும், அதுக்கு ஒரு நேரம் கொடுத்துடுங்க. தலைப்பு மாறும்போது மூணு அடி நடங்க, நில்லுங்க, பிறகு பேசுங்க. வீட்டுத் தரையில டேப்பை ஒட்டி மூணு இடம் குறிச்சு வச்சு, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு இடத்துல பேசிப் பழகினா அந்த ஆட்டம் நடையா மாறிடும்.

கை: பேனா, சாவி, சில்லறை எல்லாத்தையும் மேடை ஏறும் முன்னாடியே பையில போட்டுடுங்க. எடுக்கறதுக்கு ஒண்ணு இருந்தா விரல் எடுக்கத்தான் செய்யும். கை ஓய்வா இருக்கிற இடம்னு ஒண்ணு வேணும். தொப்புளுக்குக் கொஞ்சம் மேல, ஒரு உள்ளங்கை மேல இன்னொண்ணு லேசா. விரலைக் கோத்துப் பூட்டினா அப்புறம் கை வெளியவே வராது. சைகை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல, முழங்கை விலாவை விட்டு விலகி இருக்கணும். முழங்கை ஒட்டிக்கிட்டு மணிக்கட்டு மட்டும் ஆடினா பொம்மை மாதிரித் தெரியும்.

எந்தச் சொல்லுக்கு எந்தச் சைகைன்னு எழுதி வச்சு ஆடாதீங்க, சொல்லுக்கு அரை விநாடி பிந்தி வர்ற சைகை போலின்னு யாருக்கும் தெரிஞ்சுடும். மூணு நாலு இடம் மட்டும் முடிவு பண்ணுங்க: எண்ணிக்கை, அளவு, ஒப்பீடு, வரிசை. வரிசையில ஒரு நுணுக்கம் இருக்கு. காலம் இடமிருந்து வலமா நகர்ற மாதிரி கையால காட்டணும்னா, அது பாக்கிறவங்களோட இடம். அதாவது நீங்க உங்க வலப்பக்கம் ஆரம்பிச்சு இடப்பக்கம் போகணும். இல்லேன்னா ஸ்லைடுல கோடு ஏறிக்கிட்டிருக்கும், உங்க கை இறங்கிக்கிட்டிருக்கும்.

கண்ணு: டேபிள் ஃபேன் மாதிரி தலையைச் சுத்தாதீங்க. ஒரு ஆளுக்கு ஒரு வாக்கியம். வினைமுற்று வந்ததும் அடுத்த ஆள். 40 பேர்னா அறையை ஆறு கட்டமாப் பிரிச்சுக்கங்க, முன்னால மூணு, பின்னால மூணு. கட்டத்துல ஒருத்தரைப் பாத்தா பக்கத்துல இருக்கிற நாலு பேருக்கும் தங்களைப் பாத்த மாதிரியே இருக்கும். முன்வரிசை ஓரங்களும் பின்வரிசை மூலைகளும்தான் எப்பவும் விட்டுப்போகும். தலையாட்டி ஆதரவா இருக்கிற ஒரே ஆளைப் பிடிச்சுக்கிட்டு தொங்காதீங்க, அவருக்கும் கஷ்டம்.

மைக்: கை மைக்குன்னா வாயிலிருந்து நாலு விரல் தூரம், தாடைக்குக் கீழ சாய்வா. தலை திரும்பினா மைக்கும் கூடவே திரும்பணும். காலர் மைக் தாடையிலிருந்து ஒரு சாண் கீழ. தோள்பட்டைப் பக்கம் குத்தினா நீங்க மறுபக்கம் திரும்புறப்பல்லாம் குரல் போயிடும். அடையாள அட்டைக் கயிறு, சங்கிலி, துப்பட்டா மைக்ல உரசினா அந்தக் கரகரப்பு உங்களுக்குக் கேட்காது, ஹால் முழுக்கக் கேட்கும். சோதிக்கறதுக்கு ஊதறது, தட்டறது வேண்டாம். பேச்சோட முதல் வாக்கியத்தையே பேசிப் பாருங்க.

---

அரைப்புள்ளி:

இரண்டு விஷயத்தில் மாறுபடுகிறேன்.

ஒன்று, 31-ஐப் பூஜ்யமாக்கும் முயற்சி வேண்டாம். ஆங்கிலத்தின் "அ", "அம்" போன்ற ஒலிகளை ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002-ல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவை வெறும் குப்பை இல்லை, "சற்றுத் தாமதமாகும்" என்று கேட்பவருக்குச் சொல்லும் அடையாளம் என்பது அவர்கள் வாதம். "பாத்தீங்கன்னா"வுக்கும் சொந்த வேலை ஒன்று உண்டு. வரைபடத்தைக் காட்டி "இந்த இடத்தைப் பாத்தீங்கன்னா, கோடு கீழே போகுது" என்பது குறையே இல்லை, அங்கே நிஜமாகவே பார்க்கச் சொல்கிறீர்கள். பார்க்க எதுவுமே இல்லாத இடத்தில் வருவதைத்தான் களையெடுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஐந்தாக இருப்பதை ஒன்றுக்குக் கொண்டுவந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தனியாக எண்ணுவதைவிட இன்னொருவரை எண்ணச் சொல்வது நல்லது. 1924-ல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கூட்டங்களில் இதற்கென்றே "ஆ-கவுன்டர்" என்று ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருப்பார். வீட்டில் யாரிடமாவது தாளைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னாலும் அதே வேலைதான்.

இரண்டு, அந்த 93 சதவீதம். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. தனித்தனிச் சொற்களைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல்லும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் உணர்ச்சியை எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. இது பொதுவான பேச்சுக்குப் பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். உங்கள் பதிவின் ஒலியை அணைத்துவிட்டு ஒருவரிடம் காட்டி, பிழை எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள், 93 எவ்வளவு பெறும் என்று தெரியும்.

இந்த வரிசையில் இன்னொன்று, மேடைக்கு முன் இரண்டு நிமிடம் கையை விரித்து வெற்றிவீரர் போல நிற்கும் "பவர் போஸ்". அது ஹார்மோனை மாற்றும் என்ற 2010 ஆய்வைப் பின்னர் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியர் டேனா கார்னியே அந்த விளைவு நிஜம் என்று நம்பவில்லை என 2016-ல் எழுதிவிட்டார். நிற்க வேண்டுமென்றால் நில்லுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் முதல் மூன்று வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னால் கூடுதல் பயன்.

---

நாலாம்வரிசை:

மூவருக்கும் நன்றி. ஒரு நிமிடத்தை எழுதிப் பார்த்தேன். நூல்கண்டு சொன்னபடியேதான், கொத்தாக இருக்கிறது. பாதிக்கு மேல் ஸ்லைடு மாறும் இடம், மீதி எண்ணுக்கு முன்னால்.

மீதமிருப்பவை: வீடியோ அழைப்புக்கு இதில் எவை மாறும்? தொடக்கத்தில் கை நடுங்குவதற்கும் வாய் வறள்வதற்கும் ஏதாவது வழி உண்டா? கேள்வி நேரத்தில் தயாரிக்காத பதில் என்பதால் இழுவைச் சொற்கள் திரும்ப வந்துவிடுகின்றன.

---

சதுரம்:

வீடியோ பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேமரா கண் மட்டத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்பை மேசையில் அப்படியே வைத்தால் அது உங்கள் மூக்குத் துவாரத்தைத்தான் காட்டும், பார்ப்பவர்களைக் குனிந்து பார்ப்பது போலவும் இருக்கும். நான்கைந்து தடித்த புத்தகத்தை அடியில் வையுங்கள். ஒரு கை நீளத் தூரம். தலைக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடம், கீழே நெஞ்சு நடுப்பகுதி வரை தெரிந்தால் கைச் சைகையும் சட்டத்துக்குள் வரும். கையைக் கேமரா நோக்கி நீட்டக் கூடாது, முகத்தைவிட உள்ளங்கை பெரிதாகத் தெரியும். வெளிச்சம் முன்னால் இருந்து வரட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் வெறும் நிழல்.

கண் விஷயத்தில் பலரும் தவறுவது: எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், அவருக்கோ நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரிகிறது. லென்சையே வெறித்துக்கொண்டிருக்கவும் முடியாது, அவர்கள் முகம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் போய்விடும். முகங்கள் உள்ள ஜன்னலைச் சிறிதாக்கி கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள். குறிப்புகளும் அங்கேயே இருக்கட்டும். வாக்கியத்தின் தொடக்கமும் வினைமுற்றும் லென்சுக்கு, நடுப்பகுதி முகங்களுக்கு. உங்கள் சொந்தப் படத்தை மறைத்துவிடுங்கள், அது இருந்தால் கண் அங்கேதான் போகும். அந்தப் படம் பெரும்பாலும் கண்ணாடி போல இடவலம் மாறித் தெரியும், மற்றவர்களுக்கு அப்படியில்லை. அதனால் ஒலிவாங்கி சொன்ன "வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கம்" இங்கேயும் அப்படியே பொருந்தும்.

வாக்கிய முடிவு இங்கே இன்னும் முக்கியம். இரைச்சலை அடக்கும் வசதி, தேய்ந்து முடியும் சொல்லையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுவதுண்டு. கேள்வி கேட்டுவிட்டு நான்கைந்து விநாடி காத்திருங்கள். மைக்கைத் திறக்கவும் ஒலி வந்து சேரவும் அவ்வளவு ஆகும். முடிந்தால் நின்றுகொண்டு பேசுங்கள், மூச்சுக்கு நல்லது. உட்கார வேண்டுமென்றால் நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். அடியில் சக்கரம் வைத்த நாற்காலியாக இருந்தால் மாற்றிவிடுங்கள், காலாட்டம் அங்கே போய்ச் சேரும்.

---

நூல்கண்டு:

நடுக்கம் அட்ரினலின் வேலை. மனதை வைத்து நிறுத்த முடியாது, அதைப் பெரிதாக்கிக் காட்டும் பொருள்களை அகற்றலாம். ஏ4 தாள் கையில் இருந்தால் நடுக்கம் நுனியில் பல மடங்காகத் தெரியும், சத்தமும் வரும். உள்ளங்கை அளவு தடித்த அட்டையில் குறிப்பெழுதுங்கள். தண்ணீருக்குத் தளும்பும் டம்ளர் வேண்டாம், மூடியைத் திறந்து வைத்த பாட்டில் போதும். பதற்றத்தில் உமிழ்நீர் குறைவதால்தான் வாய் வறள்கிறது. பேசத் தொடங்கும் முன் ஒரு வாய், பிறகு தலைப்பு மாறும் இடத்தில் ஒரு வாய். தண்ணீர் குடிப்பது கௌரவமான இடைவெளியும்கூட. மேடைக்கு முன் உட்கார்ந்து, நான்கு எண்ணும் நேரம் மூச்சிழுத்து ஆறிலிருந்து எட்டு எண்ணும் நேரம் விடுங்கள், ஐந்து முறை. வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதில்தான் படபடப்பு தணியும். பெரிதாக மூச்சிழுத்து அடக்கிக்கொண்டு ஏறினால் முதல் வாக்கியமே உச்சக் குரலில் வரும்.

"அமைதியாக இரு" என்று சொல்லிக்கொள்வதைவிட "ஆர்வமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. துடிக்கிற நெஞ்சை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம் என்பது அதன் அடிப்படை.

கேள்வி நேரம். கேள்வி முடியும்வரை "ம்… ம்… ஆமா" என்று தலையாட்டாதீர்கள், கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்றே உங்களுக்கு இன்னும் தெரியாது. முடிந்ததும் ஒரு மூச்சு. பிறகு கேள்வியைச் சுருக்கி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பின்வரிசைக்கு அது காதில் விழுந்திருக்காது, உங்களுக்கும் ஐந்து விநாடி கிடைக்கும். பதிலின் முதல் வாக்கியம் முடிவாகவே இருக்கட்டும்: "முடியும்.", "முடியாது.", "இந்த அளவு வரைக்கும் முடியும்." காரணம் அதற்குப் பிறகு. காரணத்தில் தொடங்கினால் எச்சம் எச்சமாகப் போய்ப் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். முதல் வாக்கியத்தைக் கேள்வி கேட்டவரைப் பார்த்துச் சொல்லி, மீதியைச் சபைக்குச் சொல்லி, கடைசி வாக்கியத்தை வேறொருவரிடம் முடியுங்கள். கேட்டவரிடமே முடித்தால் அவர் அடுத்த கேள்வியோடு தயாராக இருப்பார். "நல்ல கேள்வி" என்பதும் இழுவைச் சொல்தான், ஒவ்வொரு கேள்விக்கும் சொன்னால் "பாத்தீங்கன்னா"வுக்குத் தம்பி. பழகுவதற்கு, வரக்கூடிய பத்துக் கேள்வியை அட்டையில் எழுதிக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 45 விநாடியில் பதில் சொல்லுங்கள்.

கடைசி நேர ஓட்டத்துக்கு ஒரு சொல். 20 நிமிடத்துக்கு 20 நிமிடப் பேச்சைத் தயாரித்தால் ஓடத்தான் வேண்டும். ஒத்திகையில் 16 அல்லது 17 நிமிடத்தில் முடிய வேண்டும். நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று படித்திருப்பீர்கள், அது ஆங்கிலக் கணக்கு. நமக்கு "வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்" என்பதே ஒரு சொல். சொல்லை எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள். 5, 10, 15 நிமிடத்தில் எந்த ஸ்லைடில் இருக்க வேண்டும் என்று அட்டையில் எழுதுங்கள். பிந்தினால் விடவேண்டிய இரண்டு ஸ்லைடையும் முன்பே குறித்துவிடுங்கள். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அமுக்கினால் நேராக அங்கே போகும், நடுவில் உள்ளவற்றைப் படபடவென்று தள்ளிக் காட்ட வேண்டியதில்லை.

முதல் வாரம் வாக்கியமும் இடைவெளியும் மட்டும். இரண்டாம் வாரம் ஸ்லைடு திரும்புதல், கால், கண். கைக்கென்று தனியாக நாள் ஒதுக்க மாட்டேன், பேனா போனாலே பாதி சரியாகும். மூன்றாம் வாரம் நின்றபடி, வாய்விட்டு, பட்டனைக் கையில் வைத்து நான்கு முழு ஒத்திகை. முந்தின நாள் ஸ்லைடில் கை வைக்காதீர்கள், மனப்பாட வாக்கியங்கள் இடம் மாறிவிடும்.

---

ஒலிவாங்கி:

விட்டுப்போனது ஒண்ணு. பதிவை ஒரே தடவை பாத்து எல்லாக் குறையையும் பிடிக்க முடியாது. முதல் தடவை சத்தத்தை அணைச்சு ரெட்டை வேகத்துல ஓட்டுங்க, திரும்பத் திரும்ப வர்ற சைகை, ஆட்டம், பேனா மூடி எல்லாம் கோமாளித்தனமாத் துள்ளிக்கிட்டு வரும். ரெண்டாவது தடவை போனைக் கவிழ்த்து வச்சு குரலை மட்டும் கேளுங்க. மூணாவது தடவைதான் முழுசா.

பதிவு பண்ணும்போது போனைக் கடைசி வரிசை நாற்காலியில வையுங்க. கிட்ட வச்சா எல்லா வாக்கிய முடிவும் தெளிவாப் பதிவாகும், ஹாலுக்குப் போனா "குறைய"யோட நின்னுடும்.